கண் வைக்காத அன்னம்

நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் என் மகள் தேனுவின் பள்ளிக்கூட வேன் வருவதற்குள் ஊர் போய்ச் சேரலாம், இப்போது மூன்று ஐந்து, ஆக ஒரு மணி நேரத்துக்குள் ஒரு ஜாக்கெட்டின் முதுகுக்கும் இரண்டு கைக்கும் டிசைன் பிடித்தாக வேண்டும். இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா. போன வருஷமாக இருந்தால் அரை மணியில் மூன்று டிசைன் வரைந்துவிட்டு மீதி அரை மணிக்கு இந்த மியூசியம் வாசலில் நின்று சுண்டல் தின்றுகொண்டிருப்பேன். நாலு மாதமாகக் கை ஓடவில்லை. ஓடவில்லை என்றால் வலி இல்லை, வீக்கம் இல்லை, தேனுவுக்குச் சடை பின்னுகிறது, தோசை ஊற்றுகிறது, மாட்டுக்குத் தீவனம் கலக்குகிறது, பென்சிலைக் கொடுத்தால் மட்டும் யாரோ ஒருத்தியுடைய கை மாதிரி மடியில் கிடக்கிறது. நான் ஆரி வேலை செய்கிறவள். ஸ்டாண்டில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரியும் பாசியும் கோத்து, கல்யாண ஜாக்கெட்டில் மயிலும் மாங்காயும் போடுகிற வேலை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இதைச் செய்கிறார்கள், எல்லோரும் போனைப் பார்த்து வரைவதால் ஒரே கல்யாணத்தில் நாலு முதுகில் ஒரே மயில் உட்கார்ந்திருக்கும், மணவறைக்குப் பின்னால் நின்று பார்த்தால் சிரிப்பாக வரும். என் மயில் அப்படி இல்லை. என் மயிலை நான் இங்கே வந்து பிடிக்கிறேன், இந்த மியூசியத்தில், கல்லிலும் வெண்கலத்திலும். எட்டாம் வகுப்பில் டீச்சர் ஒருமுறை வேனில் கூட்டிவந்தபோது மற்ற பிள்ளைகள் புலியைப் பார்த்தார்கள், நான் ஒரு கல் பொம்பளையின் இடுப்பு மடிப்பில் ஓடிய கொடியைப் பார்த்துக்கொண்டே நின்று வேனைக் கோட்டை விட்டேன். அன்றைக்கு வாங்கிய அடிக்கு இன்றைக்கு வரை டிசைன் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மாமனார் வாலிபத்தில் மெட்ராஸில் மூட்டை தூக்கியவர், அங்கே மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று பெயராம், உயிரோடு இருக்கிறதெல்லாம் மிருகக்காட்சி சாலையில், அது உயிர் காலேஜ், செத்ததெல்லாம் இங்கே. எங்கள் வீட்டில் அந்தப் பேர்தான். "என்ன, செத்த காலேஜுக்குக் கெளம்பியாச்சா? எந்த வருஷம் பட்டம் தருவாங்க?" என்று இவர், என் வீட்டுக்காரர் கதிரேசன், செவ்வாய்க்கிழமை தவறாமல் கேட்பார். இன்றைக்குக் காலையில், "அந்த... அங்கயா போற?" என்றார். அந்தச் சொல்லை எல்லோருமாகச் சேர்ந்து எங்கேயோ எடுத்து வைத்துவிட்டார்கள். நாலு மாதமாக வீட்டில் போன் செத்துப் போவதில்லை, சார்ஜ் இறங்கிவிடுகிறது. பேட்டரி செத்துப் போவதில்லை. எலிகூட எங்கள் வீட்டில் சும்மா காணாமல்தான் போகிறது.

வாசலில் சகாயம் அக்கா. அதே பிளாஸ்டிக் நாற்காலி, அதே சாவிக்கொத்து, காக்கிச் சேலைக்கு மேலே அதே ஸ்வெட்டர், இந்த வெயிலில் எதற்கு ஸ்வெட்டர் என்று கேட்டால் வெண்கல ரூமில் குளிருகிறதாம். நான் வேகமாகப் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். "அடியே அமுதா! எங்கடி போன இத்தனை நாளு? மயிலு, கிளி எல்லாம் உன்னத் தேடி அழுவுது!" என்று எழுந்தே வந்துவிட்டாள். பார்வை நேராக என் வயிற்றுக்குப் போனது. கடைசியாக வந்தபோது எனக்கு ஏழு மாதம், நின்று வரையக் கூடாது என்று தனக்குப் போட்ட முக்காலியை எனக்குப் போட்டவள், போகிற வழியில் தின்னச் சொல்லி நெல்லிக்காய் கொடுத்தவள், அவளுக்கு என்ன தெரியும். "பெத்துட்டியா? என்ன பிள்ள?" என்றாள். வாய் இருக்கிறதே, அது ஒரு தனிப் பிராணி. "பொண்ணுக்கா," என்றது என் வாய். "நல்லா இருக்கா?" "நல்லா இருக்காக்கா." சிரித்தேனே, அதுவும் பல் தெரிய. எனக்குச் சிரித்த முகம், யார் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய முகம், பழக்கத்தில் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. "அடுத்த தடவ தூக்கிட்டு வா, பாக்கணும். கண்ணு உன்ன மாதிரியா, அவங்கப்பா மாதிரியா?" என்று கேட்டாள். நான் செருப்பைக் கழற்றுகிற மாதிரி குனிந்துவிட்டேன். இங்கே செருப்பைக் கழற்ற வேண்டியதே இல்லை. கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

பொண்ணுதான். அது பொய் இல்லை. பாதிப் பொய்தான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இடது கைப்பக்கம் போனால் பாட்டில் மூலை, மருந்துத் தண்ணீரில் பாம்பு, நட்டுவாக்காலி, இரண்டு தலைக் கன்றுக்குட்டி. அந்தப் பாம்பின் செதிலைப் பார்த்துத்தான் ஒருமுறை ஜரி வரிசை போட்டேன், பார்த்தவர்கள் எல்லாம் இது என்ன மீனா பூவா என்று கேட்டார்கள், நான் கடைசி வரை சொல்லவில்லை, சொன்னால் கல்யாணப் பெண் ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டிருப்பாள். அந்தக் கன்றுக்குட்டியை நான் ஒரு நாளும் தப்பாக நினைத்ததில்லை. பாவம், இரண்டு வாயிருந்தும் ஒரு வாய் பால் குடிக்கவில்லை என்று நினைத்திருக்கிறேன், அவ்வளவுதான். இன்றைக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல், சுவரில் மாட்டியிருக்கிற 'தொடாதீர்கள்' போர்டையே எழுத்து எழுத்தாக வாசித்துக்கொண்டு நடக்கிறேன், தொ, டா, தீ, ர்கள். தண்ணீருக்குள் கண்ணை மூடிக்கொண்டு இருக்கும் அது. அப்போது கவனித்திருக்கிறேன், நாலு கண்ணும் மூடியிருக்கும். நினைக்காதே. ஜாக்கெட்டை நினை. சுடருக்கு வளைகாப்பு, அடுத்த வாரம். சுடர் என் நாத்தனார், இவருடைய தங்கை. எங்கள் அத்தை போன வாரம் சம்பந்தி வீட்டுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார், "அமுதாவுக்கு உடம்பு தேறட்டும், இந்தத் தடவ டவுன் கடையிலயே குடுத்துரலாம்." நான் பக்கத்தில்தான் மாவு வழித்துக்கொண்டிருந்தேன். என் உடம்பு தேறி மூன்று மாதம் ஆகிறது, அது எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும், நான் தண்ணீர் இழுக்கிற கிணற்றுக்கும் தெரியும். அத்தை கெட்டவர் இல்லை. பயந்தவர். நேற்று சுடர் எனக்கே போன் பண்ணினாள். "அண்ணி, கடைக்காரன் தச்சா உள்ள எல்லாம் குத்தும், கையவே தூக்க முடியாது. நீங்கதான் தைக்கணும்." வேண்டாம் சுடர், கை ராசி அது இது என்று நாலு பேர் பேசுவார்கள் என்றேன். "என் கல்யாண ஜாக்கெட் தச்சது எந்தக் கை? அந்த ராசியிலதான் இந்த மாப்பிள்ள வந்தாரு. அது சரியில்லாத ராசின்னா இப்பவே சொல்லுங்க, ஆளத் திருப்பி அனுப்பிச்சுடறேன்." நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். "நாளைக்குள்ள வரைஞ்சு மட்டும் காமிங்க அண்ணி. காமிச்சா நான் அம்மாகிட்டப் பேசிக்குவேன். இல்லேன்னா நாளன்னிக்குத் துணி கடைக்குப் போயிரும்." அவள் சொன்ன அந்த நாளைதான் இன்றைக்கு. இந்த ஜாக்கெட் கடைக்குப் போய்விட்டால் அப்புறம் ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் என் கை வேண்டாம் என்று ஆகிவிடும். யாரும் சொல்ல மாட்டார்கள். நானே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

வெண்கல ரூம். குளிருகிறதுதான், சகாயம் அக்கா சொன்னது நிஜம். அம்மன் காலடியில் உட்கார்ந்து நோட்டை விரித்தேன். பாதசரத்தின் முத்து வரிசை, நன்றாக இருக்கிறது, கை ஓரத்துக்கு ஆகும், வரை. பென்சில் காகிதத்தில் நிற்கிறது. வரை. முந்தானைக் கொசுவம் விசிறி மாதிரி விரிந்திருக்கிறது, முதுகுக்கு நடுவில் வைத்தால் அள்ளிக்கொண்டு போகும், வரையேன்டி. கோடு போட்டேன், கோணியது. அழித்தேன். அழித்த இடம் கறுத்தது. பின்பக்கம் புரட்டினால் பழைய பக்கம் ஒன்று எட்டிப் பார்க்கிறது, நான் பார்க்காமல் திருப்ப வேண்டும் என்று நினைத்த பக்கம். அன்னம். வெளியே தோட்டத்தில் புங்க மரத்தடியில் நம்பர் போட்டுக் கிடக்கிற கல் தூணில் இருக்கிற அன்னம், நான் ஏழாம் மாதத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வரைந்தது. கழுத்தை வளைத்துத் தன் முதுகைத் தானே கோதிக்கொள்ளும். கண் இல்லை. என் நோட்டில் எந்தப் பறவைக்கும் கண் இருக்காது. அது என் வேலை முறை, கண்ணைக் கடைசியில்தான் வைப்பேன். முதலில் வைத்தால் ஸ்டாண்டில் துணியைச் சுருட்டும்போது மணி நசுங்கும், நூல் மாட்டும், அதுதான் முதல் காரணம், அப்புறம் அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது. ஜாக்கெட் வாங்க வருகிறவர்களை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, அவர்கள் கண்ணெதிரிலேயே ஒரு கறுப்பு மணியைக் கோத்து இறுக்கி முடிச்சுப் போட்டு, "கண்ணத் தொறந்தாச்சு, இனிமே உங்க பறவை, கூட்டிட்டுப் போங்க," என்பேன். அதற்காகவே பிள்ளைகள் கூட வருவார்கள்.

வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு முன்கூட்டித் துணி தைக்கக் கூடாது. தொட்டில் வாங்கக் கூடாது, பேர் வைக்கக் கூடாது, துணி தைக்கக் கூடாது, எல்லோருக்கும் தெரிந்ததுதான், எனக்கும் தெரியும். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. அப்போது கை ஓடிக்கொண்டே இருந்த காலம், தூக்கத்தில்கூட ஓடியது. பழைய மல் வேட்டி ஒன்று, துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது, அதில் ஒரு சின்ன ஜப்லா, பெண்ணோ பையனோ ஜப்லாவுக்கு என்ன, நெஞ்சில் குத்தாத மாதிரி வெறும் பட்டு நூலில் அந்த அன்னம். தைத்து முடிக்கிற நேரத்தில்தான் பயம் வந்தது. வந்ததும் ஒரு கெட்டிக்காரத்தனம் பண்ணினேன். கண் வைக்கவில்லை. கண் வைக்காவிட்டால் தைத்து முடித்ததாக ஆகாது, முடிக்காதது துணி ஆகாது, துணி இல்லையென்றால் குற்றம் இல்லை. யாரிடம் இந்த வக்கீல் பேச்சு பேசினேன்? பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே உட்கார்ந்து கண்ணை வைத்துவிட்டு, கண்ணத் தொறந்தாச்சு, கூட்டிட்டுப் போங்க என்று இவரிடம் நீட்டலாம் என்று, ஒரு கறுப்பு மணியை ஊசியோடு காகிதத் துண்டில் மடித்து என் பர்ஸில் வைத்துக்கொண்டேன். எட்டாம் மாதம் ஒரு மத்தியானம் அசைவு நின்றது. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன், ஏதோ குறைகிறதே, உப்பா என்று யோசித்தேன். உப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா துணியை விலக்கி ஒரு நிமிஷம் காட்டினார், நல்ல முகம், தேனுவின் மூக்கு, இமை மட்டும் ஒட்டியிருந்தது, தைத்த மாதிரி. எங்கம்மா, "கண்ணுகூடத் தொறக்கலியேடி," என்று சுவரில் சாய்ந்தாள். ஊர்க்கண் பட்டுவிட்டது என்று சிலர் சொன்னார்கள். துணி தைத்து வைத்திருந்தாளாம், அதுதான் என்று சிலர். இரண்டும் இல்லை. எனக்கு மட்டும் தெரியும். கண் வைத்ததால் இல்லை, கண் வைக்காததால். அறிவு இருக்கிறவளுக்கு இது எப்படித் தோன்றும் என்று நானே என்னைத் திட்டுகிறேன், டாக்டரம்மா கொடி சுற்றியது என்று தெளிவாகத்தானே சொன்னார், நானும் தலையாட்டினேன். பாத்திரம் தேய்க்கும்போது மறுபடி வந்துவிடுகிறது. இவர்தான் கொண்டு போனார். வெறுமனே கொண்டுபோக மனசு வரவில்லை, பீரோவில் இருந்த ஜப்லாவைப் போட்டுவிட்டேன் என்றார். ஒரு மாதம் கழித்து மாட்டுக்கொட்டகையில் எனக்கு முதுகைக் காட்டி வைக்கோலை உதறிக்கொண்டே, "அந்தப் பறவைக்கு ஏன் கண்ணு வைக்கல?" என்று கேட்டார். சும்மாதான் கேட்டார். நான் காதில் விழாத மாதிரி சாணியை அள்ளிக்கொண்டு வெளியே போனேன். அப்புறம் அவர் கேட்கவில்லை. மண்ணுக்கு அடியில் ஒரு அன்னம் இருக்கிறது, கண் இல்லாமல், அதற்கு இனிமேல் நான் எப்படி வைப்பேன்?

மூன்று முப்பத்தைந்து. நோட்டில் கறுத்த இடம் மட்டும். எழுந்து தோட்டத்துக்கு வந்துவிட்டேன், வரக்கூடாது என்று நினைத்த இடத்துக்குத்தான் கால் வரும். புங்கம்பூ உதிர்ந்து கிடக்கிறது, தூண் அப்படியே படுத்திருக்கிறது, நம்பர் பதினாலு. அன்னம் முதுகைக் கோதிக்கொண்டிருக்கிறது. இதற்குக் கண் இருந்ததா என்று எனக்கு ஞாபகமே இல்லை. குனிந்து பார்த்தேன். இருக்கிறது. ஒரு குழி. மழையில் தேய்ந்து, பாதி மண் அடைத்து. விரலால் மண்ணைத் துடைத்தேன், உள்ளே ஒரு எறும்பு. பர்ஸைத் திறந்து அந்தக் காகிதத் துண்டை எடுத்தேன், ஊசி துருப்பிடித்திருந்தது, மணி பளபளவென்றுதான் இருந்தது. அந்தக் குழிக்குள் வைத்தேன். இது இல்லாவிட்டால் அது, அங்கே முடியாவிட்டால் இங்கே, மறுபடியும் வக்கீல் பேச்சு. குழி பெரிது, மணி கடுகளவு. ஒரு விநாடி நின்றது, ஒரே ஒரு விநாடி அன்னம் என்னைப் பார்த்தது, அப்புறம் உருண்டு புல்லில் விழுந்துவிட்டது. தேடினேன். முட்டி போட்டுத் தேடினேன். புல்லுக்குள் புங்க விதை, எறும்பு, ஐஸ்கிரீம் குச்சி, யாரோ போட்ட பொத்தான், எல்லாம் இருக்கிறது. வீட்டில் இதே மணி டப்பா டப்பாவாக இருக்கிறது, மாவில் கொட்டினால்கூடச் சலித்து எறிந்துவிடுவேன். இந்த ஒன்று இல்லாமல் எனக்கு மூச்சு வாங்கியது. நிழல் விழுந்தது. "என்னடி தேடுற? தோடா?" சகாயம் அக்கா. "மணிக்கா." "தங்கமா?" "பாசி மணி. கறுப்பு." "அதுக்கா இப்படி மண்ணுல பொரள்ற? எந்திரி, சேலையெல்லாம் அழுக்கு." "பிள்ளைக்கு எடுத்து வச்சதுக்கா." அதற்குப் பிறகு வாய் நிற்கவில்லை. "பிள்ள இல்லக்கா. நான் பொய் சொன்னேன். பொறந்தப்பவே இல்ல." அக்கா ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை, அதற்காக அவளுக்குக் கோயில் கட்டலாம். ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, முட்டி மடங்காமல் முனகி முனகி என் பக்கத்தில் உட்கார்ந்து, சாவிக்கொத்தைத் தரையில் வைத்துவிட்டு, புல்லை விலக்கி விலக்கி அவளும் தேட ஆரம்பித்தாள். "கடுகு மாதிரி இருக்குமா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். நான் அழுதது அப்போதுதான், இந்த நாலு மாதத்தில் சத்தம் போட்டு அப்போதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வரிசை எங்களைத் தாண்டிப் போனது, ஒரு குட்டி, "மிஸ், அந்த ஆன்ட்டி ஏன் அழறாங்க?" என்றது, "ஏதோ தொலைச்சுட்டாங்க, நீ வரிசையில போ," என்றார் மிஸ். சரியாகத்தான் சொன்னார்.

மணி கிடைக்கவில்லை. அக்கா கையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டு, "மண்ணுலதான் இருக்கு, எங்கயும் போயிடாது," என்றாள். அவள் பாட்டுக்குச் சொன்னதுதான். மண்ணில்தான் இருக்கிறது. நானும் முகத்தைத் துடைத்தேன். நோட்டு புல்லில் குப்புறக் கிடந்தது, எடுத்தேன், மடியில் வைத்தேன், புதுப் பக்கம். கை எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. பென்சிலை ஊன்றி, அழுத்தி, ஒரு புள்ளி. நடுப்பக்கத்தில். சுற்றிலும் ஒன்றும் இல்லை, அலகு இல்லை, தலை இல்லை, புள்ளி மட்டும். பதினோரு வருஷத்தில் நான் இப்படித் தொடங்கியதே இல்லை. இனி துணியைச் சுருட்டும்போது நசுங்குமே என்று கூடவே தோன்றியது. நசுங்காத மாதிரி சுருட்டிக்கொள்ள வேண்டியதுதான், பஞ்சு வைத்து. போன் அடித்தது. இவர். "எங்க இருக்க? பஸ் ஏறிட்டியா?" "இன்னும் இல்லைங்க. செத்த காலேஜ்லதான் இருக்கேன்." வந்துவிட்டது, திரும்ப உள்ளே போட முடியாது. அந்தப் பக்கம் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "வரைஞ்சியா?" என்றார். "கண்ணு வச்சிருக்கேன்," என்றேன். "மத்தது எதுவும் இன்னும் போடல. முதல்ல கண்ணத்தான் வச்சேன்." மோட்டார் சத்தம் நின்றது. அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் இவ்வளவு தூரம் தாண்டி இவ்வளவு தெளிவாகக் கேட்குமா? "தேனுவ நான் வேன்லருந்து எறக்கிக்கறேன்," என்றார். "நீ மீதியப் போட்டுட்டே வா." சகாயம் அக்கா எப்போது போனாளோ, அந்த முக்காலியைக் கொண்டுவந்து புங்க மரத்தடியில் போட்டாள். மூடுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எந்தப் பறவை, கழுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் புள்ளிக்குப் பக்கத்திலிருந்து, மெதுவாக, கழுத்தை இறக்கினேன்.